செல்லுமா, செல்லாதா? அகராதி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ் அகராதி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் சொல் தொகுப்பவர்கள், அரசின் அகரமுதலித் திட்டத்தில் இருப்பவர்கள், தனியாகக் குழு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அகராதி செய்பவர்கள் என்று எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாராவாரம் ஒரு சொல்லாட்டம் நடக்கிறது. எழுத்துக் காய்களைப் பலகையின் கட்டங்களில் வைத்துச் சொல் அமைக்கும் ஆட்டம். அன்று ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், கையில் மிச்சமிருந்த இரண்டு காய்களை வைத்து 'யா' என்று முடித்தாள். பாயிண்ட் இரட்டிப்பாகும் கட்டம். ஆட்டம் அவள் கைக்கு வந்துவிட்டது. எதிரில் இருந்த பையன் "செல்லாது" என்றான். எங்களிடம் இருந்தது ஒரு கையடக்க அகராதி. புரட்டினோம், 'யா' இல்லை. "அது ஒரு மரம் மாமா, பாட்டில் வருது" என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. எந்தப் பாட்டு என்று நினைவில்லை. விதிப்படி காய்களைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். ஆறு பாயிண்டில் தோற்றாள்.

அடுத்த வாரம் எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா நன்னூலைக் கையோடு கொண்டுவந்தார். ஓரெழுத்தில் ஒரு சொல்லாக நிற்பவை 42 என்று அதில் கணக்கு இருக்கிறது. உயிரில் 6, மகரத்தில் 6, தகரம், பகரம், நகரம் மூன்றிலும் ஐந்தைந்து, ககரம், சகரம், வகரம் மூன்றிலும் நான்கு நான்கு, யகரத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று 'யா'. நெடில் நாற்பதோடு 'நொ', 'து' என்ற இரண்டு குறில். குறுந்தொகையின் 37ஆம் பாடலையும் ஐயா வாசித்துக் காட்டினார். பிடியின் பசியைத் தீர்க்கக் களிறு யா மரத்தின் பட்டையை உரிக்கும் பாட்டு. அவள் சொன்னது சரி. ஆனால் ஆட்டம் முடிந்து ஏழு நாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து இந்த மடலை மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். தமிழில் சொல்லாட்டம் ஆடுவதற்கென்று ஒரு சொற்பட்டியல் வேண்டும். எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லும் பட்டியல். அதை நாங்கள் செய்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். நீங்கள் செய்தால் ஏற்பார்கள்.

இந்த ஆட்டத்தை நான் முதலில் கற்றுக்கொண்டது ஆங்கிலத்தில், வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில். வெள்ளிக்கிழமைகளில் பல நாட்டுக்காரர்கள் ஒன்றுகூடி ஸ்க்ராபிள் ஆடுவோம். போட்டி என்றால் அறையின் ஓரத்தில் ஒரு கணினி இருக்கும். ஒருவர் வைத்த சொல்லில் சந்தேகம் வந்தால் இருவரும் எழுந்து போய், சொல்லைத் தட்டச்சு செய்வோம். திரையில் பச்சை வந்தால் செல்லும், சிவப்பு வந்தால் செல்லாது. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத் தட்டினால் எது தப்பு என்றுகூட அது சொல்லாது. வாக்குவாதம் கிடையாது, பெரியவர் சின்னவர் கிடையாது. பேசாமல் வந்து உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்வோம். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். பத்து வயதுப் பையன் ஐம்பது வயது மேலாளரை மறுத்துச் சொல்ல முடிந்தது அந்தத் திரையால்தான்.

அந்தக் கணினிக்குப் பின்னால் இருக்கும் பட்டியலில் சுமார் 2.8 லட்சம் சொற்கள். அவற்றில் நம்முடையவையும் இருக்கின்றன. இட்லியும் தோசையும் செல்லும். 'சுருட்டு' ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஆகி ஏழெழுத்துச் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. வெட்டிவேரும் ஏழெழுத்து. கையில் இருக்கும் ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் 50 பாயிண்ட் கூடுதல் என்பது விதி. ஆக சுருட்டுக்கும் வெட்டிவேருக்கும் உலகின் எந்த மேசையிலும் தனி மதிப்பு. அவை பிறந்த மொழியில் ஆடும்போது மட்டும், செல்லுமா என்று கேட்க எங்களுக்கு ஓர் இடமில்லை.

ஆங்கிலத்திலும் இது ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர்தான் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி, எந்த எழுத்துக்கு எத்தனை காய் என்று முடிவு செய்தார். 'ஈ' எழுத்துக்கு 12 காய். 'எஸ்' எழுத்துக்கு 4 மட்டும். கடைசியில் அதை ஒட்டினால் எந்தப் பெயர்ச்சொல்லும் பன்மையாகிவிடும், ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பதால் அதைக் குறைத்தார். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதற்கு ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார்.

ஆனால் பலகை வந்ததும் போட்டி வந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஆரம்பப் போட்டிகளில் சாதாரண அகராதி ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். சாதாரண அகராதி எல்லா வடிவத்தையும் அச்சிடாது. இந்த வினைக்கு இறந்தகாலம் எப்படி, இந்தப் பெயருக்குப் பன்மை உண்டா என்று ஒவ்வொரு மேசையிலும் சண்டை. இந்த ஆட்டத்துக்கென்றே ஓர் அகராதி வந்தது 1978இல். ஐந்து கல்லூரி அகராதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றிலாவது இருந்தால் செல்லும் என்று வைத்து, ஒவ்வொரு சொல்லின் திரிந்த வடிவங்களையும் விரித்து அச்சிட்டார்கள். பிரிட்டனில் தனியாக ஒரு பட்டியல் வந்தது. 1991இல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தபோது இரண்டு பட்டியலின் சொற்களும் செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் கடல் கடந்த இரண்டு ஆங்கிலமும் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2003இல் உலகப் பட்டம் வாங்கியவர் தாய்லாந்துக்காரர் பனுபோல் சுஜ்ஜயகோர்ன். 2015இல் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே. ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளின் கையில் இருந்த ஆட்டம் எங்கோ இருந்தவர்களுக்கும் திறந்தது. பட்டியல் எல்லாருக்கும் ஒன்று, அதை வாங்கி உட்கார்ந்து படித்தால் போதும் என்பதுதான் காரணம். படிக்க வேண்டியது எது, எங்கே முடிகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் அசாத்தியமாகப் படிக்கிறார்கள்.

நைஜல் ரிச்சர்ட்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்பவர், ஆங்கிலத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியன். பிரெஞ்சு பேசத் தெரியாமலே ஒன்பது வாரம் அந்த மொழியின் பட்டியலைப் படித்து, 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானியத்திலும் அதையே செய்தார். இதைச் சொன்னால் சிலர், பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வது மொழிக்கு என்ன நன்மை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் மேசையில் அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். வைத்த சொல்லின் பொருளைச் சொன்னால் ஐந்து பாயிண்ட் கூடுதல். நான் பார்த்தவரை, குழந்தைகள் வெறும் எழுத்துக்கூட்டமாக ஒரு சொல்லை ஏற்பதே இல்லை. 'வௌ' என்று ஒரு சொல் இருக்கிறது என்றால் உடனே "அப்படின்னா என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். கவர்ந்துகொள் என்று பொருள் சொன்னால், "அப்போ வவ்வுதல் அதிலிருந்து வந்ததா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. சொல் முதலில் வரட்டும், பொருள் தானே பின்னால் வரும்.

மனப்பாடம் நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு படித்தது வேறென்ன? திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு பெயருக்கு எத்தனை பொருள் என்பதையெல்லாம் செய்யுளாகச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் ஏற்றினார்கள். வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியின் நான்கு பிரிவுகளில் ஒன்று தொடை. எதுகைப்படி சொற்களைக் கூட்டி வைத்த பகுதி. பாட்டுக் கட்டுபவனுக்காகச் செய்தது. ஆனால் சொல்லாட்டம் ஆடுபவன் அதைப் பார்த்தால், தனக்காகவே செய்தது என்று நினைப்பான். எழுத்து ஒன்று மாறினால் சொல் எப்படி மாறுகிறது என்பதைத்தானே அவனும் தேடுகிறான்.

எங்கள் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழுக்கு 247 எழுத்து, எப்படிக் காய் செய்வாய் என்று கேட்காத ஆளில்லை. முதலில் உயிர்மெய்களைத் தனித்தனிக் காயாகச் செய்தோம். பையில் கை விட்டால் 'ஞௌ'வும் 'ஙீ'யும் வந்தன, ஆடவே முடியவில்லை. பிறகு கால், கொம்பு, சுழி, புள்ளி என்று அச்சுக்கூடத்தில் இருப்பதுபோல உறுப்பு உறுப்பாகப் பிரித்தோம். 'கொ' எழுத ஒரு எழுத்துக்கு மூன்று கட்டம் போயிற்று. கடைசியில் ஒரு தச்சரிடம் சொல்லிப் பலகைத் துண்டில் பெரிய காய், சின்னக் காய் என்று இரண்டு அளவில் அறுத்து வாங்கினோம். பெரிய காயில் க, ங, ச, ஞ என்று பதினெட்டும். சின்னக் காயில் ஆ முதல் ஔ வரை உயிர்கள், தவிர புள்ளி. பெரிய காயை வெறுமனே வைத்தால் அகரம். அதன் தலையில் புள்ளிக் காய் வைத்தால் மெய். 'ம'வின் மேல் 'ஆ' ஏறினால் மா, 'ஐ' ஏறினால் மை. உயிர்க் காய் தனியாகவும் கட்டத்தில் உட்காரலாம், அதற்காகவே 'அ' என்று சில காய்கள். மெய்யின் மேல் உயிர் ஏறுகிறது என்று இலக்கண வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மரத்தில் செய்து கையில் எடுத்து ஏற்றியபோதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கே முழுதாகப் புரிந்தது.

எந்தக் காய் எத்தனை என்பதற்கு பட்ஸ் செய்ததையே செய்தோம். ஒரு வாரத்து நாளிதழ் முதல் பக்கங்களைக் குழந்தைகளிடம் பிரித்துக் கொடுத்து எண்ணச் சொன்னோம். புள்ளிக் காய்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வேண்டியிருந்தது. அப்புறம் உகரம். 'ஔ' ஒன்றே ஒன்று செய்தோம், அதற்கு அதிக மதிப்பு.

ஆடத் தொடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. நன்னூலின் எழுத்து விதிகள் எல்லாம் இந்த ஆட்டத்தின் உத்திகள். க், ச், த், ப் நான்கும் தமக்குப் பின் தம் வரிசையைத் தவிர வேறொன்றையும் வரவிடாது. ஆகவே பலகையில் திறந்து கிடக்கும் 'க்' ஒன்றைப் பார்த்தால், தட்டில் ககரம் இருப்பவனுக்கு மட்டுமே அது வழி. ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. சொல்லின் முதலில் டகரமும் ணகரமும் ளகரமும் வராது. கடைசியில் வல்லின மெய் நிற்காது. இதையெல்லாம் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்த பெற்றோர்கள், இப்போது பிள்ளைகள் சொல்லக் கேட்டுத் திரும்பப் படிக்கிறார்கள்.

சொல் சேர்க்கும் விதமும் சுவாரசியமானது. 'கரம்' என்று யாராவது வைத்தால் அதன் முன்னால் ஒரே எழுத்தைச் சேர்த்து அகரம், சிகரம், தகரம், நகரம், மகரம் என்று நீட்டலாம். 'விதை'க்கு முன்னால் ஒரு க போட்டால் கவிதை. 'தினம்' இருந்தால் புதினம். நகரத்தின் நடு இரண்டு காய்களை இடம் மாற்றினால் நரகம். 'லை' என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அலை, இலை, உலை, கலை, சிலை, தலை, நிலை, மலை, வலை, விலை, ஆலை, ஓலை, காலை, சாலை, சேலை, சோலை, பாலை, மாலை, மூலை, வேலை. ஒரு பையன் இதை நோட்டில் எழுதிக்கொண்டே போய், இரண்டு வாரம் கழித்து "துலையும் இருக்கு மாமா, தராசு" என்று ஓடிவந்தான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

படிப்பதற்கு ஆங்கில ஆட்டக்காரர்கள் செய்வதையே இங்கும் செய்கிறோம். அங்கே முதலில் இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்வார்கள். ஆங்கிலப் பட்டியலின் 2019 பதிப்புக் கணக்கில் அவை 127. இங்கே முதல் பாடம் அந்த 42. நான்கு வாரத்தில் எல்லாருக்கும் வந்துவிட்டது. கா என்றால் சோலை, கோ அரசன், சே எருது, சோ மதில், வீ பூ, பே நுரை, நொ துன்பம். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஐந்து தீப்பெட்டிகளில் போட்டு வைப்போம். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் திறக்க வேண்டும், கடைசிப் பெட்டியை மாதம் ஒரு முறை. அவ்வளவுதான் முறை. இதற்கு மேல் எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

ஆனால் 42க்குப் பிறகு என்ன படிக்க? இங்கேதான் நாங்கள் நிற்கிறோம். ஓரெழுத்துச் சொற்களுக்கு நன்னூல் எல்லை போட்டுக் கொடுத்துவிட்டது. ஈரெழுத்துச் சொற்களுக்கு யார் போடுவது? குழந்தைகள் கேட்பது முழுப் பட்டியலை. "இவ்வளவுதான், இதைப் படித்தால் முடிந்தது" என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அகராதிகள் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னர் பிற்சேர்க்கையும் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது, 1992இல் வந்து 2020 வரை மூன்று பதிப்புகள் கண்டது. தேவநேயப் பாவாணர் 1974இல் தொடங்கிவைத்த சொற்பிறப்பியல் அகரமுதலி இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் பொருள் தேடி வருபவனுக்காகச் செய்தவை. தீர்ப்புத் தேடி வருபவனுக்கு வேண்டியது வேறு.

உதாரணமாக 'நாள்' என்பதன் பன்மை. 'நாட்கள்' என்று ஒரு பெண் வைத்தாள், ஐயா 'நாள்கள்' என்றார். இருவர் பக்கமும் ஆள் சேர்ந்து, அன்று ஆட்டம் அதோடு முடிந்தது. 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டையை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். என் சொந்தக் கருத்து, 'கள்' விகுதியையே பட்டியலில் சேர்க்கக்கூடாது. பட்ஸ் 'எஸ்' எழுத்தைக் குறைத்தது எதற்காகவோ அதற்காகத்தான். க ஒன்றும் ள் ஒன்றும் கையில் இருப்பவன் பலகையில் உள்ள எந்தப் பெயரையும் நீட்டிக்கொண்டே போவான். ஆனால் இது என் கருத்து மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

வினைச்சொற்கள் இதைவிடப் பெரிய சிக்கல். 'வா' என்பதிலிருந்து வந்தான், வந்தாள், வருகிறேன், வராதவர், வந்திருந்தால் என்று நூற்றுக்கணக்கில் வரும். எல்லாவற்றையும் விட்டால் ஆட்டமே வினை விகுதிகளின் ஆட்டமாகிவிடும். ஒன்றையும் விடாவிட்டால் தமிழின் பாதி வெளியே நிற்கும். நாங்கள் இப்போதைக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ஏவல், பிறகு வர, வந்து, வந்த, வரும் என்ற நான்கு வடிவங்கள், ஒரு தொழிற்பெயர். திணை, பால், இடம் காட்டும் விகுதி சேர்ந்தவை கிடையாது. இதை விரித்து எழுத மனிதக் கை வேண்டாம். லெக்சிகனில் ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் அது எப்படித் திரியும் என்று வகை எண் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு நிரல் எழுதினால் கணினியே எல்லா வடிவங்களையும் விரித்துக் கொடுக்கும். அதைச் சரிபார்க்கத்தான் உங்கள் கண் வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் இரண்டு விதமாக வருபவற்றையும் பட்டியலிலேயே தீர்க்கலாம். பவளம், பவழம். கோயில், கோவில். உளுந்து, உழுந்து. கருப்பு, கறுப்பு. இரத்தம், ரத்தம். ஆங்கிலத்தில் நிறம் என்ற சொல்லை அமெரிக்கர் ஒரு விதமாகவும் பிரிட்டிஷார் ஒரு விதமாகவும் எழுதுகிறார்கள், பட்டியலில் இரண்டும் செல்லும். நாமும் தாராளமாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். 'பக்தி'யை 'பத்தி' என்றுதான் எழுத வேண்டும் என்று ஐயா சொல்கிறார். குழந்தைகள் ஏற்கவில்லை. ஜ, ஷ, ஸ, ஹ காய்களைச் செய்து டப்பாவில் தனியாக வைத்திருக்கிறோம், இன்னும் பைக்குள் போடவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கின்றன.

இலங்கைச் சொற்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஆட்டத்தைக் கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை தொலைபேசியில் பேசினார். 'கெதி' செல்லுமா என்று கேட்டார். அங்கே அது விரைவு, அன்றாடம் புழங்கும் சொல். எங்கள் பையன்களுக்கு அது தெரியாது. தெரியாததால் செல்லாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகள், லண்டனிலும் டொரன்டோவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார முடிகிற ஆட்டம் இது. 1991இல் இரண்டு பட்டியலை ஒன்றாக்கி அவர்கள் செய்ததை நாம் முதலிலிருந்தே செய்துவிடலாம்.

விட வேண்டியவையும் உண்டு. 2021இல் ஸ்க்ராபிளின் ஆங்கிலப் பட்டியலிலிருந்து மனிதர்களை இழிவுபடுத்தும் சுமார் 400 சொற்களை நீக்கினார்கள். அப்போது பெரிய விவாதம் நடந்தது, சொல் சொல்தான், அதற்கு அர்த்தம் பார்க்கக்கூடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் வாதிட்டார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. சாதி சொல்லி இழிவு செய்யும் ஒரு சொல்லைப் பன்னிரண்டு வயதுக் குழந்தை மேசையில் வைத்துப் பாயிண்ட் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வு அகராதியில் அந்தச் சொற்கள் இருக்கட்டும். ஆட்டப் பட்டியலில் வேண்டாம்.

பெரிய வேலையாகத் தெரியலாம். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டியதில்லை. ஈரெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களின் பட்டியல் முதலில் வந்தால் போதும், ஆட்டத்தின் பாதி சண்டை தீர்ந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிப் பொருள். எந்த நாள் முதல் இது அமலுக்கு வருகிறது என்று ஒரு தேதி. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுச் சொல் சேர்க்கும் வழக்கம். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு கோப்பு. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். தட்டச்சு செய்ய, ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு அகராதிகளை அருகருகே வைத்துக் கோடு போட, எங்கள் குழுவில் ஆறு பெரியவர்களும் பதினான்கு பிள்ளைகளும் இருக்கிறோம்.

நூலக மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். தீராத வழக்குகளை அதில் எழுதி வைப்பது பழக்கம். தேதி, யார் வைத்தது, யார் மறுத்தது, சொல். இப்போது 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரியில் 'யா' என்று இருக்கும், அதற்கு நேரே மட்டும் "செல்லும், நன்னூல்" என்று ஐயாவின் கையெழுத்து. அந்தப் பெண் அதை வாராவாரம் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் காயை எடுக்கிறாள். மற்ற வரிகளுக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறோம். கெதி, நாட்கள், பக்தி, துலை, உழுந்து, வவ்வு, டீ. நோட்டின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினாலும் போதும், மையில் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமை சொல்லாட்டக் குழுவின் சார்பில் ஒருவர்